அவள் ‘மாட்டேன்’ என்று சொன்ன நாள்

எங்கள் தெருமுனையில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். யாரையும் கடித்ததில்லை, குரைப்பதற்கே சோம்பல்படும். என் மகள் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மூன்று வாரமும், தினம் நாலைந்து தடவை அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த நாயைக் காட்டப் போயிருக்கிறேன். சோறு ஊட்டப் போனால் “நாயீ” என்பாள். குளிப்பாட்டத் தூக்கினால் “நாயீ” என்பாள். இரவு விளக்கை அணைத்தால் “நாயீ, நாயீ” என்பாள். பிள்ளைக்கு நாய் என்றால் கொள்ளை ஆசை என்று வீடே பேசிக்கொண்டது. என் வீட்டுக்காரர் கடைக்குப் போய்ப் பஞ்சு அடைத்த நாய்ப் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். கையில் கொடுத்ததும் கீழே போட்டுவிட்டு மறுபடி “நாயீ” என்றாள்.

அவள் நாயைக் கேட்கவே இல்லை. ஒடியா மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘இல்லை, வேண்டாம்’ என்று பொருள். இது தெரிய எனக்கு 24 நாள் ஆயிற்று. தனக்கு நடந்த எதையும் தடுக்க முடியாத இரண்டேகால் வயதுக் குழந்தை, தன்னிடம் இருந்த ஒற்றைச் சொல்லை வைத்துத் தடுத்துப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு நாயைக் காட்டியிருக்கிறேன்.

அந்த 24 நாளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தத்தெடுக்கக் காத்திருக்கும் யாராவது இதைப் படித்து, என் குழந்தை பட்டதில் ஒரு நாளையாவது தங்கள் குழந்தைக்குக் குறைத்தால் போதும்.

நான் பிறந்தது வில்லியனூரில். வாழ்க்கைப்பட்டது பாகூர் கொம்யூனில் ஒரு கிராமத்தில். அவருக்கு ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நிலம். எனக்கு அரசுப் பள்ளியில் ஆசிரியை வேலை. பதினாறு வருடத்தில் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புதான் எடுத்திருக்கிறேன். வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாக விட்ட பல்லவர் காலத்துச் செப்பேடு கிடைத்த மண் பாகூர். படிப்புச் சொல்லிக் கொடுப்பவளுக்கு இங்கே ஒரு தனி மரியாதை உண்டு. ஜூன் மாதம் அழுதுகொண்டு வரும் பிள்ளைகளை ஜூலைக்குள் சிரிக்க வைத்துவிடுவேன் என்று எனக்கு ஊரில் பெயர். குழந்தைகளைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு அந்தப் பெயரோடு சேர்ந்தே வளர்ந்திருந்தது. பிறகு நடந்த தவறுகளில் பாதி அந்த நினைப்பால் வந்தவை.

மகளின் பெயரையோ, அவள் இருந்த இல்லத்தையோ, அது எந்த மாவட்டம் என்பதையோ எழுதப் போவதில்லை. அது அவளுடைய கதை. யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை வளர்ந்தபின் அவள் முடிவு செய்துகொள்வாள். இங்கே எழுதுவது என்னுடைய கதையை.

மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தை எல்லோரும் ‘காரா’ என்றுதான் சொல்வார்கள். அதன் இணையதளத்தில் 2020-இல் பதிவு செய்தோம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதினார். எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 86. கைக்குழந்தை கிடைக்காது, நடக்கிற பிள்ளையாக இருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டோம். 2022-இல் வந்த புதிய விதிமுறையும் அப்படித்தான் வகுத்தது: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையென்றால் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது, இரண்டிலிருந்து நான்கு வயது வரையென்றால் 90 வரை போகலாம். எந்த மாநிலத்துக் குழந்தையானாலும் சரி என்று தெரிவித்திருந்தோம். மூன்று வருடம் கழித்து ஒரு மத்தியானம் கைப்பேசியில் தகவல் வந்தது. ஒரு படம், மருத்துவ அறிக்கை, நாலு வரி. 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். நாங்கள் நாலு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

2023 ஏப்ரலில் ஒடிசாவுக்குப் போனோம். அந்த இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்களை ‘மாவுசி’ என்று கூப்பிடுகிறார்கள். அம்மாவின் கூடப்பிறந்தவள் என்று பொருள். நம்முடைய சித்தி, பெரியம்மா மாதிரி. என் மகளை வளர்த்த மாவுசிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு. அன்று காலை அவர் குழந்தைக்குக் கடுகு எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, நெற்றி ஓரத்தில் ஒரு மைப்பொட்டு வைத்து எங்களிடம் கொண்டுவந்தார். கூட ஒரு பை. இரண்டு கவுன், ஒரு பிளாஸ்டிக் தம்ளர், நாலாக மடித்த ஒரு பழைய துணி. அது அவருடைய நைந்த புடவையைக் கிழித்துத் தைத்த போர்வை. இல்லத்துக்காரர்கள் ஒரு ஆல்பமும் கொடுத்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் இப்படி நினைவு ஆல்பம் தயாரித்து, தத்தெடுக்கும் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும் என்று விதிமுறையே இருக்கிறது.

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மாவுசி உள்ளே போனார். திரும்பி வரவில்லை. கண்ணெதிரே விடைபெற்றால் பிள்ளை அழும் என்று நினைத்திருப்பார். பிள்ளை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. “பாருங்க, எவ்வளவு சமத்து!” என்று நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

புவனேஸ்வரத்திலிருந்து புதுச்சேரிக்கு வாராந்திர விரைவு ரயில் ஒன்று இருக்கிறது. ஒரு பகலையும் ஓர் இரவையும் தாண்டிய பயணம். வழியெல்லாம் அவள் அழவில்லை, சிரிக்கவில்லை, படுக்கவும் இல்லை. உட்கார்ந்தபடியே தூங்கினாள். கொடுத்ததைத் தின்றாள். தூக்கினால் வந்தாள், இறக்கினால் நின்றாள்.

வீட்டில் ஊரே காத்திருந்தது. ஆரத்தி சுற்றினார்கள். வடை பாயசத்தோடு அறுபது பேருக்கு இலை போட்டோம். பதினான்கு வருடம் பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்திருக்கிறது, சந்தோஷப்படாமல் இருக்க முடியுமா? மடி மாறி மடி மாறிப் போனாள். நாத்தனார் மடி, பெரிய மாமியார் மடி, எதிர்வீட்டு அக்கா மடி. யார் கை நீட்டினாலும் போனாள். “அழுவாம எல்லார்கிட்டயும் வருதே, தங்கம்!” என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் பையைப் பிரித்தேன். போர்வையில் கடுகெண்ணெய் வாடையும் வியர்வையும் பழைய பால் நாற்றமும் அடித்தது. கிருமி இருக்கும் என்று டெட்டால் ஊற்றி ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கசக்கி, வெயிலில் மொடமொடவென்று காயப்போட்டு எடுத்து, இரவு அவள் கையில் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனாள். இன்னொரு முனையை எடுத்து முகர்ந்தாள். பிறகு நடுவில். ஒவ்வோர் இடமாகத் தேடுவதுபோல் முகர்ந்துவிட்டு, அதை மெல்லப் பாயோரத்தில் வைத்தாள். அதன்பின் அந்தத் துணியைத் தொடவே இல்லை. நான் துவைத்தது அழுக்கை என்றுதான் அன்று நினைத்தேன். மாவுசியிடமிருந்து அவளுக்கு மிச்சமிருந்தது அந்த வாடை ஒன்றுதான்.

ஆல்பத்தை அன்றைக்கே பீரோ மேலே வைத்துவிட்டேன். காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். பொறாமை. முதல் பக்கத்திலேயே மாவுசி மடியில் அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் பார்த்திருக்கவில்லை.

பத்தாம் நாள் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பெயர் வைத்தோம். நான் பல வருடமாக மனதுக்குள் வைத்திருந்த பெயர். காதில் மூன்று முறை சொன்னேன். அதன்பிறகு அவளுடைய பழைய பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று வீட்டில் கட்டளை போட்டேன். புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. காதில் ஏதும் குறையோ என்று பயந்து மருத்துவரிடம் காட்டினோம். காது நன்றாகத்தான் இருந்தது.

ஒரு நாள் பாயை உதறும்போது கீழே பாதி இட்லி, நமத்துப்போன பிஸ்கட், ஒரு அப்பளத் துண்டு. எறும்பு சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தது. “இப்படியெல்லாம் ஒளிச்சு வைக்கக் கூடாது” என்று விரலை ஆட்டிச் சொன்னேன். வகுப்பறைக் குரல். அவள் என் விரலைப் பார்த்தாள். மறுநாள் இட்லி அலமாரிக்குப் பின்னால் இருந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர் என் மாமியார். ஒரு சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, இந்தப் புள்ள அழவே மாட்டேங்குதே. எனக்கு அதான் பயமா இருக்கு.”

“அழாட்டி நல்லதுதானே அத்தை?”

“புதுசா புடிச்சிக்கினு வந்த மாடு வந்த திக்கையே பாத்து நாலு நாளு கத்தும். கத்தி முடிச்சாத்தான் தவுட்டுத் தண்ணியில வாய வைக்கும். கத்தாத மாட்டப் பாத்தாத்தான் பயப்படணும். அழுவுற புள்ளைக்கு யாராச்சும் வருவாங்கன்னு ஒரு நம்பிக்க இருக்கு. இது அந்த நம்பிக்கைய உட்டுட்ட மாதிரி தெரியுது.”

படித்த மருமகள் நான். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

24-ஆம் நாள் அது நடந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு ஒடிசாவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். அந்தப் பெண் குடத்தோடு எங்கள் வீட்டுக் குழாயடிக்கு வந்தாள். நான் திண்ணையில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல “நாயீ” என்றாள். வழக்கம்போல நானும் எழுந்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். “வா, நாய் பாக்கலாம்.”

அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்தாள். “அக்கா, பாப்பா வேணாம் சொல்து. நீ எதுக்கு நாய் காட்றே?”

பிறகு குழந்தையைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ கேட்டாள். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டாள். என் இடுப்பில் இருந்த உடம்பு அப்படியே விறைத்தது. குழந்தை அந்தப் பெண்ணின் வாயையே பார்த்தாள், அதற்குள்ளிருந்து வேறு யாரோ வரப்போவதுபோல. அவள் மறுபடி ஏதோ சொன்னாள். குழந்தை “மாவுசி” என்றாள். இன்னொரு தடவை, “மாவுசி?” அதன்பிறகு வந்த அழுகையை நான் எப்படி எழுதுவது? 24 நாள் தேக்கி வைத்தது மதகு உடைந்து வந்தது. மூச்சு பிடித்து, முகம் கறுத்து, உடம்பு வில்லாக வளைந்து அழுதாள். அந்தப் பெண்ணும் அழுதாள். “மாவுசி எங்கே கேக்குது அக்கா. வேற ஒண்ணும் கேக்கலை.”

என் மாமியார் உள்ளிருந்து வந்து பார்த்துவிட்டு, “அழுவட்டும், உடு. நீ தூக்கி வச்சுக்க. கீழ மட்டும் எறக்காத” என்றார். அன்றைக்குத்தான் நான் அவர் சொன்னதைக் கேட்டேன். இரண்டு மணி நேரம் தூக்கிக்கொண்டு நடந்தேன். இரவு அவள் தூங்கியபின் பீரோ மேலிருந்து ஆல்பத்தை எடுத்துத் தூசி தட்டினேன்.

அதன்பிறகு சென்னையில் உள்ள ஒரு குழந்தை மனநல ஆலோசகரோடு தொலைபேசியில் பேசினோம். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு எல்லாவற்றையும் விளங்க வைத்தது. லண்டனில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரோடு வேலை செய்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். மருத்துவமனையில் எட்டு நாள் பெற்றோரைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவர் படம் பிடித்தார்; அந்தப் படம் 1952-இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் மருத்துவமனைக்காரர்கள், அழாத பிள்ளை பழகிவிட்ட பிள்ளை என்று எண்ணினார்கள். ராபர்ட்சனும் பௌல்பியும் கண்டது வேறு. பிரிந்த குழந்தை முதலில் அழுது எதிர்க்கும். பிறகு சோர்ந்து உள்ளே ஒடுங்கும். மூன்றாவதாக எல்லோரோடும் நன்றாகப் பழகுவதுபோல் தெரியும். உண்மையில் யாரோடும் ஒட்டாது. மூன்றாவது நிலையைப் பார்த்துத்தான் பெரியவர்கள் ‘சரியாகிவிட்டது’ என்று நிம்மதி அடைகிறார்கள்.

அழாமல் எல்லார் மடிக்கும் போனாளே, அதற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லோரிடமும் போகிற குழந்தைக்கு ‘என்னுடையவர்’ என்று ஒருவரும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் என் மேசைக்கு முன்னால் அழுத பிள்ளைகளுக்கு மூன்றரை மணிக்கு வாசலில் ஓர் அம்மா வந்து நின்றாள். அந்தத் தைரியத்தில்தான் அவர்கள் ஜூலையில் சிரித்தார்கள். என் திறமை என்று நான் நினைத்தது அந்த அம்மாக்களுடைய வேலை. என் மகளுக்கு மூன்றரை மணி வரவே இல்லை.

வீட்டின் நடைமுறையை மாற்றினோம். முதல் வேலையாக, சொந்தக்காரர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டோம்: வாங்க, திண்ணையில உட்காருங்க, பேசுங்க, கொஞ்ச நாளைக்குப் பிள்ளையைத் தூக்க வேண்டாம், தின்ன எதையும் கையில் கொடுக்க வேண்டாம். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது மூன்றும் நானும் அவரும் மட்டும்தான். பசித்தால் யார், விழுந்தால் யார் என்ற கேள்விக்கு அவளுக்கு ஒரே பதில் கிடைக்க வேண்டும் என்பதற்காக. சிலர் மனம் கோணினார்கள். ‘பெத்தவளுக்கே இல்லாத கெடுபிடி’ என்று காதுபட ஒரு பேச்சு வந்தது. பொறுத்துக்கொண்டோம்.

கட்டட வேலைக்கு வந்த அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து ஐம்பது ஒடியாச் சொற்களை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். வா, தூங்கு, வலிக்கிறதா, பசிக்கிறதா, பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கிறேன். அவள்தான் இன்னொன்றையும் சொன்னாள். ஒடிசாவில் வெயில் காலத்தில் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துச் சாப்பிடுவார்கள், ‘பகாளா’ என்று பெயர், மார்ச் 20-ஆம் தேதியை அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள் என்று. கேட்டதும் என் மாமியார் சிரித்துவிட்டார். “இதுக்குத்தான் இத்தினி நாளு இட்லி, நெய்ச்சோறுன்னு அலைஞ்சீங்களா? நம்மூட்டுப் பழைய சோறு!”

மறுநாள் காலை மண்சட்டியிலிருந்து பழையதை எடுத்து உப்புப் போட்டுக் கரைத்து, அவித்த உருளைக்கிழங்கைக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து பக்கத்தில் வைத்தார். பிள்ளை சட்டியைப் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். யாரும் ஊட்டவில்லை. தன் கையாலேயே அள்ளி, முழங்கை வழியே நீர் வழிய, நிமிராமல் சாப்பிட்டாள். கடைசியில் சட்டியைத் தூக்கி நீராகாரத்தைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, வேறு பெயரில், அதே சோறு இருந்திருக்கிறது. எங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அன்றிலிருந்து குளிப்பதற்கு முன் அவளுக்குக் கடுகெண்ணெய்தான் தேய்த்தேன். துவைத்துக் கெடுத்த போர்வையிலும் ஒரு சொட்டு விட்டு வைத்தேன். பழைய வாடை திரும்பவில்லை. ஆனாலும் ஒரு வாரம் கழித்து அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இல்லத்தில் வரிசையாகப் பாய் போட்டு விளக்கு எரிய எரியத் தூங்கிய பிள்ளை என்பது தெரிந்தபின், இருட்டறையையும் தனிப்படுக்கையையும் விட்டுவிட்டோம். நாங்கள் மூவரும் கூடத்தில் வரிசையாகப் படுத்தோம். ஒரு சிறிய பல்பு விடியும்வரை எரிந்தது.

ஒளித்து வைப்பதற்காகத் திட்டுவதையும் நிறுத்தினேன். ஒரு சின்னக் கூடையில் பொரி, வாழைப்பழம், வேர்க்கடலை உருண்டை போட்டு அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். காலியானால் அவள் எதிரிலேயே நிரப்பினேன். கூடை எப்போதும் நிறைந்தே இருக்கும் என்று நம்ப அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. பிறகு பாயடியில் இட்லி இல்லை.

அவளுடைய பழைய பெயரை வீட்டுப் பெயராகத் திருப்பிக் கொடுத்தோம். அந்தப் பெயரைச் சொல்லி நான் முதன்முதலாகக் கூப்பிட்டபோது விளையாட்டை விட்டுவிட்டுச் சட்டென்று திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்குக் கோயிலில் காதில் சொன்ன பெயர் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாவுசி மடியில் அவள் சிரிக்கும் படத்தைப் பிரதி எடுத்துக் கண்ணாடி போட்டு, எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். தினமும் இரவு அதைக் காட்டி, “மாவுசி உன்னை நல்லாப் பாத்துக்கிட்டாங்க. மாவுசி அங்க இருக்காங்க. நீ அம்மாகிட்ட இருக்க” என்று இரண்டு மொழியையும் கலந்து சொல்வேன். மாவுசி அவளை விட்டுவிட்டுப் போகவில்லை என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். வில்லியனூர்க் குயவர்களிடம் சுடுமண் சொப்புச் சாமான் வாங்கிக் கொடுத்தேன். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு; எனக்கு அது சின்ன வயதில் விளையாடிய மண். திண்ணையில் மணலைச் சோறாக்கி மூன்று தட்டில் பரிமாறினாள். அம்மாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று. மூன்றாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

சாயங்காலம் ஏரிக்கரை. தினமும் அதே நேரம், அதே பாதை, அதே புளியமரம் வரை. அவளைக் கரையில் அவரோடு நிறுத்திவிட்டு நான் மரத்துக்குப் பின்னால் போய், “வந்துட்டேன்!” என்று எட்டிப் பார்ப்பேன். முதலில் நான் மறைந்தால் அவள் முகம் செத்துவிடும். நாள் போகப் போக, நான் மறைந்ததும் காத்திருக்கத் தொடங்கினாள். போனவர் திரும்பி வருவார் என்பதைச் சொல்லிக் கொடுக்க எனக்குக் கண்ணாமூச்சியைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை.

நாட்கள் ஒரே சீராகவும் ஏறவில்லை. ஆறாம் மாதத்தில் என்னைக் கடித்தாள், கிள்ளினாள், தட்டைத் தூக்கி எறிந்தாள். கைக்குழந்தைபோல் பாட்டில் கேட்டாள். கொடுத்தேன். அவளை நான் கைக்குழந்தையாகத் தூக்கியதில்லை. அந்தக் கணக்கை அவளே நேர் செய்துகொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ‘இப்போதுதான் உங்களை எதிர்க்க அவளுக்குத் தைரியம் வந்திருக்கிறது’ என்றார் ஆலோசகர்.

இவ்வளவுக்கும் நேரம் வேண்டும். அரசு ஊழியையான எனக்கே தத்தெடுப்பு விடுப்பு கிடைக்கவில்லை. அந்த 180 நாள் விடுப்பு ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுப்பவருக்குத்தான். குழந்தை பராமரிப்பு விடுப்பை எடுத்துச் சமாளித்தேன். கைக்குழந்தைக்குத் தாய் பக்கத்தில் வேண்டும் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு வயதில் ஒரு வீட்டையும் ஒரு முகத்தையும் ஒரு மொழியையும் ஒரே நாளில் இழந்து வரும் பிள்ளைக்கு அதைவிட அதிகமாகவே வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். குழந்தை வீட்டுக்கு வந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார்கள். வருகிறவர்கள் எடையையும் தடுப்பூசியையும் கேட்பதோடு, ‘பிள்ளை அழுகிறாளா, யாரிடம் போய் அழுகிறாள்?’ என்றும் கேட்டால் நன்றாக இருக்கும்.

ஒடிசாவிலிருந்து பாகூருக்கு வந்த பிள்ளைக்கே இப்படி. கடல் தாண்டிப் போன பிள்ளைகளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வெளிநாட்டுத் தத்து பற்றி உச்ச நீதிமன்றம் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் நெறிமுறை வகுத்தது 1984-இல்தான். ஹேக் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2003-இல். அதற்கெல்லாம் முன்பே நம் மண்ணின் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறியிருக்கிறார்கள். நடுவயதில் சிலர் தமிழ்நாட்டுக்கு வந்து, தெரியாத மொழியில் தாயைத் தேடுகிறார்கள். பனி பெய்யும் ஏதோ ஓர் ஊரில் முதல் நாள் இரவு, “வேணாம்” என்று அழுத பிள்ளைக்கு என்ன காட்டியிருப்பார்கள்? அந்த வீட்டில் ஐம்பது தமிழ்ச் சொற்களும் ஒரு கிண்ணம் ரசஞ்சோறும் இருந்திருந்தால் என்று மனம் ஏங்குகிறது. அன்பு அங்கேயும் இருந்திருக்கும். என்னிடமும் இருந்தது. 24 நாளும் அன்போடுதான் நாயைக் காட்டினேன்.

மறு வருடம் மாசி மகம். வில்லியனூரை ஒட்டிய திருக்காஞ்சியில், சங்கராபரணி ஆற்றங்கரையில் தீர்த்தவாரி. எள் போட்டால் விழாத கூட்டம். என் நாத்தனார், பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர், மாதக்கணக்கில் தூக்காமல் தவித்தவர், ஆசை தாளாமல் கூட்டத்தில் அவளைச் சட்டென்று என் இடுப்பிலிருந்து வாங்கினார்.

“அத்தைகிட்ட வாடி, சாமி காட்றேன்.”

“மாட்டேன்!”

ஆற்றங்கரையே திரும்பிப் பார்க்கிற குரல். “மாட்டேன்! வர மாட்டேன்! அம்மா!” உடம்பைப் பின்னுக்கு வளைத்து, இரண்டு கையையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு கத்தினாள். வாங்கினேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். விக்கல் அடங்கவே நேரமாயிற்று.

நாத்தனாருக்கு முகம் வாடிவிட்டது. “என்ன அண்ணி, எல்லார்கிட்டயும் வர்ற புள்ளையாச்சே, இப்படி ஆயிடுச்சே” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பேச்சு வரவில்லை. என் மாமியார்தான் சொன்னார்: “கோச்சுக்காதடி. இன்னிக்குத்தான் புள்ள வூட்டுக்கு வந்திருக்கு.”

நாங்கள் அவளைக் கூட்டிவந்த தேதி ஆவணங்களில் இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் கூட்டி வந்தோம், அவள் வரவில்லை. வருவதற்குப் பத்து மாதம் எடுத்துக்கொண்டாள். ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் இவர்கள் என்னை விட்டுவிட மாட்டார்கள் என்று ஒரு பிள்ளை நம்புகிற வீடுதான் அதன் வீடு. அந்த நம்பிக்கை வரும்வரை, பிள்ளையின் சமத்தைப் பார்த்து மகிழாமல் அதன் ‘வேண்டாம்’ காதில் விழுகிறதா என்று கேளுங்கள். அது எந்த மொழியில் இருந்தாலும்.

இருட்டிய பிறகு ஊர் திரும்பினோம். தெருமுனையில் செவலை வழக்கமான இடத்தில் படுத்திருந்தது. என் தோளிலிருந்து தலையைத் தூக்கிக் கையை நீட்டினாள்.

“அம்மா, நாயி.”

இந்தத் தடவை அவள் காட்டியது நாயைத்தான்.